பன்னிரண்டு வாளிகளும் ஒரு விமானமும்

என் அக்கா புருஷன் வீட்டிலேயே விமானம் செய்தார் என்று சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. பொம்மை விமானமா என்று கேட்பார்கள். இல்லை. இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். இந்தச் சிறகின் நுனியிலிருந்து அந்தச் சிறகின் நுனி வரை ஏழரை மீட்டர். அதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. நான் ஓர் ஆணி அடிக்கவில்லை, ஒரு கட்டை இழைக்கவில்லை. கோப்பு எழுதினேன், அவ்வளவுதான். அந்தக் கோப்பில் ஒரு கட்டத்தை நான் நிரப்பியதையும் பிறகு அதை அடித்ததையும் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாமா போன வருடம் போய்ச் சேர்ந்தார். இனி எழுதலாம் என்று தோன்றுகிறது.

அக்கா புருஷனை எங்கள் பக்கத்தில் மாமா என்றுதான் கூப்பிடுவோம். மாமா பழைய சொல்தா. 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதக் கெடுவுக்குள் ஒப்சியோன் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களில் ஒருவர். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அப்படி ஒருவர் இருந்திருப்பார். பட்டாளத்தில் வண்டி மெக்கானிக். அங்கிருந்து வந்த பிறகு டிஜோன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் குடியேறி, பட்டறை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். பிள்ளைகள் இருவரும் பாரிஸ் பக்கம் போய்விட்டார்கள். பெரிய வீடு, இரண்டே பேர்.

2012ஆம் வருடம் ஆடி மாதத்தில் அக்கா போன் செய்தாள். "இவருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குடா. நாலு வருஷமா கட்டை, பசை, திருகாணி, வேற பேச்சே இல்ல. எழுபது வயசுல ஆகாசத்துல போறேன்றார். பசங்க சொன்னா கேக்கல. நீ சொன்னா கேப்பார். டிக்கெட்டு நான் போடறேன், வந்து நிறுத்துடா."

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. காலையில் கடற்கரையில் நடப்பது, மத்தியானம் தூங்குவது, சாயங்காலம் மறுபடி நடப்பது. ஒரு மனிதனை ஒரு வேலையிலிருந்து நிறுத்துவது என்பதும் ஒரு வேலைதானே என்று கிளம்பினேன். செப்டம்பர் நடுவில் பாரிஸ் போய் இறங்கி, கார் தெ லியோன் நிலையத்தில் ரயில் பிடித்து டிஜோன் போனேன். மாமா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். கையெல்லாம் கறை, வெற்றிலைச் சாறு பட்டதுபோல. பசை என்றார்.

வீட்டுக் கூடத்தில் பெட்டியை வைத்ததும் மாமா என்னை நேரே பக்கத்து விவசாயியின் களஞ்சியக் கொட்டகைக்குத்தான் கூட்டிப்போனார். சிறகு ஒரே துண்டாகச் செய்வதால் தம் வீட்டு கராஜில் கொள்ளவில்லை என்று கொட்டகையில் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தார். உள்ளே போனதும் மர வாசனை. நடுவில் முட்டுகளின்மேல் சிறகு கிடந்தது. துணி போர்த்தாத சிறகு, வெறும் எலும்புக்கூடு. நடுவில் ஓடும் கனமான சட்டம்தான் முதுகெலும்பு. அதிலிருந்து முன்னும் பின்னும் மீன் முள் போல விலாக்கள். நடுப்பகுதி தட்டையாக இருந்து, இரண்டு ஓரங்களும் மேல் நோக்கி வளைந்திருந்தன. "தூக்கிப் பாரு" என்று ஒரு தனி விலாவை என் கையில் கொடுத்தார். காகிதம் மாதிரி இருந்தது. இதை நம்பியா மேலே போவார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

இந்த வகை விமானத்துக்கு ஜோதெல் என்று பெயர். எதுவார் ழொலி, ழான் தெலெமோந்தே என்ற இரண்டு பேருடைய பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்தது. அவர்களுடைய முதல் விமானம் 1948 ஜனவரியில், டிஜோனுக்குத் தெற்கே போன் என்ற ஊரில் பறந்தது (தொலைபேசி அல்ல, ஊரின் பெயரே அதுதான்). அந்த வட்டாரத்துக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை. மாமா செய்தது அதே தெலெமோந்தே பிற்காலத்தில், 1980களில், வீட்டில் செய்கிறவர்களுக்காகவே வரைந்து கொடுத்த இரண்டு இருக்கை மாதிரி. மரம், பிளைவுட், துணி. எஞ்சின் பீட்டில் காரினுடையது, ஃபோக்ஸ்வாகன். அதை விமானத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வார்கள்.

கிட் என்றால் பெட்டியைத் திறந்து ஒட்டினால் முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கடினமான சில பாகங்களைச் செய்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பாதிக்குமேல் வேலையை அவரவரே செய்திருக்க வேண்டும். அப்போதுதான் அமெச்சூர் செய்தது என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டு, அதற்கென்று உள்ள தனிப் பறக்கும் சான்றிதழைக் கொடுக்கும். அப்படிப்பட்ட விமானங்களின் பதிவு எழுத்து 'எஃப்-பி' என்று தொடங்கும். அதைப் பார்த்தாலே விமானக் களத்தில் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும், இது ஒரு மனிதன் தன் கையால் செய்தது என்று.

வந்த மூன்றாம் நாள், அக்கா கண் ஜாடை காட்ட, பேச்சை ஆரம்பித்தேன். "மாமா, இந்த வயசுல இது தேவையா?"

மாமா பதில் சொல்லாமல் அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து வைத்தார். ஆன்ரி மின்யே என்பவர் 1934இல் எழுதிய 'ல ஸ்போர் த லேர்'. அந்த மின்யே 1933இல் தானே செய்த ஒரு குட்டி விமானத்தில் பறந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் பூ து சியெல், வானத்துப் பேன். சாதாரண மனிதனும் செய்யலாம் என்று வரைபடத்தோடு புத்தகம் போட்டதும், பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஏராளமான பேர் தச்சு வேலை தெரிந்தும் தெரியாமலும் செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக விழுந்தது, ஆட்கள் செத்தார்கள். 1936இல் விமானத்தை முழுதாகக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோதுதான் காரணம் தெரிந்தது. மூக்கு ஓர் அளவுக்குக் கீழே சாய்ந்துவிட்டால், முன்சிறகும் பின்சிறகும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, ஓட்டுகிறவர் எவ்வளவு இழுத்தாலும் நிமிராதாம்.

"ஆசை மட்டும் இருந்தா போதாதுன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு மச்சான். அதனாலதான் இப்ப ஒவ்வொண்ணையும் எழுதி வைக்கணும், போட்டோ புடிச்சு வைக்கணும், மூடறதுக்கு முன்னாடி ஆள் வந்து பாக்கணும். எனக்கு வேலை வரும். எழுதறதுதான் வராது."

சொல்லிவிட்டு மூன்று அட்டைப் பெட்டிகளைக் காட்டினார். நான்கு வருட வேலையின் கணக்கு அதில்தான் இருந்தது. காலண்டர் தாள், கடை ரசீதின் பின்பக்கம், சிகரெட் அட்டை. பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. 'வலது சிறகு, கட்டை நாலு, பசை போட்டாச்சு' என்று ஒன்று. பிரெஞ்சு சரளமாகப் பேசுவார், எழுதினால் வரிக்கு நாலு பிழை. நான் சின்ன வயதிலிருந்து பிரெஞ்சு வழியில் படித்தவன். டிக்தேயில் ஒரு உச்சரிப்புக் குறி விட்டால் முட்டி போட வைத்த வாத்தியார்களிடம் தப்பி வந்தவன். அதற்குமேல் முப்பத்தெட்டு வருடம் கோப்பு.

நண்பர்களே, உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் நான் வந்த காரியம் மறந்துபோனது. ஒரு குமாஸ்தாவுக்கு முன்னால் ஒழுங்கில்லாத காகிதக் குவியலை வைப்பது, பசித்தவன் முன்னால் இலை போடுவது மாதிரி. மறுநாளே நகரத்துக்குப் போய் நல்ல தாளும் கோப்பு உறைகளும் வாங்கி வந்தேன். அக்கா என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

வேலை இப்படிப் போனது. காலையில் மாமா கொட்டகைக்குப் போவார். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தேதிவாரியாக எழுதுவேன். என்ன பாகம், எந்த மரம், யார் செய்தது, எந்த நாள். இதில் மிக முக்கியமானது பசைக் கணக்கு. மர விமானத்தில் ஆணிக்கும் திருகாணிக்கும் வேலை குறைவு, பசைதான் எல்லாம். கருஞ்சிவப்பாக இருக்கும். பிசினையும் பொடியையும் எடை போட்டுக் கலப்பார். குளிரில் அது சரியாக இறுகாது. 15 டிகிரிக்குக் கீழே பசையைத் தொடுவதில்லை என்று மாமா தனக்கு ஒரு விதி வைத்திருந்தார். ஒட்டும் இடத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளால் கூடாரம் கட்டி, உள்ளே மின் ஹீட்டர் வைத்துச் சூடாக்குவார்.

ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும், அதே கலவையில் இரண்டு சின்ன மரத்துண்டுகளையும் சேர்த்து ஒட்டி எண் போட்டு வைப்பார். நன்றாகக் காய்ந்த பிறகு அதை இடுக்கியில் வைத்துச் சுத்தியலால் உடைப்பார். மரம் கிழிந்து உடைந்தால் பசை நல்லது. மரம் முழுசாக இருந்து, ஒட்டிய இடத்தில் இரண்டாகப் பிரிந்து வந்தால் பசை கெட்டது. அவ்வளவு எளிமையான சோதனை. ஏன் இது முக்கியம் என்றால், ஒட்டிய இணைப்பை வெளியிலிருந்து பார்த்து நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தப் பரிசோதகரின் கண்ணும் பசைக்குள் போகாது. அவர் பார்க்க முடிவது இந்தக் கணக்கைத்தான்.

58 கலவைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு வரி போட்டேன். எண், தேதி, எதை ஒட்டியது, வெப்பம், துண்டு உடைந்த விதம். 47ஆம் எண்ணுக்கு வந்தபோது தேதி இருந்தது, 2012 பிப்ரவரி 8. வலது சிறகின் பின்சட்டத்தில் நான்கு கட்டைகள். வெப்பம் எழுதவில்லை. துண்டு உடைந்ததற்கும் குறிப்பு இல்லை. பெட்டியில் துண்டும் இல்லை.

கொட்டகைக்குப் போய்க் கேட்டேன். மாமா இழைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "18 போட்டுக்கோ. துண்டு எங்கயாவது விழுந்திருக்கும். மரம்தான் உடைஞ்சதுன்னு எழுது."

வந்து எழுதினேன். 18. மரம் உடைந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும், அந்த வரியும் மற்ற வரிகளைப் போல அழகாகவே இருந்தது. எழுதும்போது எனக்கு ஒன்றுமே உறுத்தவில்லை. காலிக் கட்டத்தைப் பார்த்தால் நிரப்பிவிடுவது என்பது கைப்பழக்கம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது லேசாகக் குளிர ஆரம்பித்திருந்தது. இதெல்லாம் ஒரு குளிரா என்று அக்கா ஆரம்பித்தாள். "பிப்ரவரில நீ இருந்திருக்கணும். பத்து நாளு, குழாயெல்லாம் உறைஞ்சு போச்சு. இவரு கொட்டகையில ஹீட்டரைப் போட்டு ஃபியூஸ் போயி, அந்த வாரம் முழுக்க அங்க கரண்டே இல்ல. கோட்டை மாட்டிக்கிட்டு அங்கயே நின்னாரு."

அந்த வருடம் பிப்ரவரியில் ஐரோப்பா முழுக்கக் கடுங்குளிர் என்று ஊரில் பேப்பரில் படித்திருந்தேன். மாமாவைப் பார்த்தேன். மாமா ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. பின்சட்டத்தில் உள்ள அந்த நான்கு கட்டைகள் என்ன வேலை செய்கின்றன என்று எனக்குத் தெரியும், நான்தானே எழுதினேன். சிறகின் ஓரத்தில் கதவு மாதிரி மேலும் கீழும் அசைகிற பகுதி ஒன்று உண்டு, ஏலரான் என்பார்கள். விமானத்தை இடம் வலமாகச் சாய்ப்பது அதுதான். அதன் கீல்கள் அந்தக் கட்டைகளில்தான் மாட்டப்படும். கட்டை விட்டால் கீல் விடும். அதற்குமேல் யோசிக்கப் பிடிக்கவில்லை. பக்கத்து அறையில் அக்கா இருமுவது கேட்டது.

விடிந்ததும் கோப்பை எடுத்தேன். அலுவலகத்தில் எனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. தப்பாக எழுதினால் சுரண்டக் கூடாது, மை பூசக் கூடாது. எழுதியது தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அப்படியே அடித்தேன். பிறகு கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன். "மாமா, 47ஐ அடிச்சுட்டேன். எனக்குத் தெரியாததை என்னால எழுத முடியாது."

மாமாவுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை. இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பன்னெண்டு வாளி இருக்குன்னு எழுதின கைதானே இது?"

இதை விளக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், அது எது என்பது இப்போது வேண்டாம், பொருட்கள் பதிவேட்டில் தீயணைப்பு வாளி 12 என்று இருந்தது. மணல் நிரப்பிச் சிவப்பு வண்ணம் பூசிய வாளிகள். நான் போய்ச் சேரும்போதே மூன்றுதான் இருந்தன. மற்றவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மார்ச் 31ஆம் தேதியும் '12, சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மூன்று என்று எழுதினால் விசாரணை, விளக்கம், சம்பளத்தில் பிடித்தம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படியே எழுதினார், பின்னால் வந்தவரும் எழுதியிருப்பார். இதை நான் கல்யாண வீடுகளில் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் பல தடவை சிரித்திருக்கிறார்.

அன்று அவர் அதைச் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஒன்பது நாள் இருவரும் பேசவில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து அக்கா மூலமாக உப்பு வாங்கிக்கொள்வோம். அக்காவுக்கு இது நல்ல வாய்ப்பு. இதையே சாக்காக வைத்து விமானத்தை நிறுத்தியிருக்கலாம். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள், "நீ அடிச்சது சரிதான். ஆனா அந்த மனுஷன் காலைல எழுந்திருக்கறதே அதுக்காகத்தான்டா. ரிட்டயர் ஆன முதல் வருஷம் பாத்திருந்தா உனக்குத் தெரியும். சன்னல்கிட்ட நாற்காலியைப் போட்டு உக்காந்தாருன்னா ராத்திரி வரைக்கும் அப்படியே இருப்பாரு."

எனக்குத் தெரியாமல் இல்லை. கடற்கரையில் நானும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் காலையில் மாமா கதவைத் தட்டினார். "மச்சான், வா."

கொட்டகையில் வேலை மேஜையை நகர்த்தி, அதன் பின்னால் இருந்த மரத்தூளையெல்லாம் பெருக்கிக் கூட்டியிருந்தார். கையில் ஒரு சின்னத் துண்டு. பென்சிலில் 47 என்று எழுதியிருந்தது. ராத்திரி முழுக்கத் தேடினாராம். ஒன்றும் பேசாமல் இடுக்கியில் வைத்து முறுக்கினார். சுத்தியலை எடுத்து, ஒரு நிமிடம் நின்று, அடித்தார். பெரிய அடிகூட இல்லை. துண்டு இரண்டாகப் பிரிந்து தரையில் விழுந்தது. மரம் கிழியவே இல்லை. இரண்டு பக்கமும் வழவழவென்று, பசை பூசியது பூசியபடி.

மாமா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெடுநேரம் கழித்து, "ஹீட்டர் வேலை செய்யலன்னு தெரியும். கலக்கின பசையைக் கொட்ட மனசு வரல. அந்தத் துண்டை உடைச்சுப் பாக்கப் பயந்துகிட்டுத்தான் விட்டேன்" என்றார்.

நான், "வாளியை எண்ணப் பயந்துகிட்டுத்தான் நானும் எழுதினேன் மாமா" என்றேன்.

அன்றே உளியை எடுத்தார். நான்கு கட்டைகளில் மூன்று, உளி பட்டதும் சுளையாக வந்துவிட்டன. ஒன்று மட்டும் மரத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. பழைய பசையைச் சுரண்டி, வெறும் மரம் தெரியும்வரை தேய்த்து, கிழிந்த இடத்தில் புது மரம் வைத்து இணைத்து, புதுக் கட்டைகள் அறுத்து, கூடாரம் கட்டி 19 டிகிரியில் மறுபடி ஒட்டும்போது அக்டோபர் கடைசியாகிவிட்டது. வெப்பமானியை நான்தான் மணிக்கொரு தரம் பார்த்தேன். துண்டின் எண் 59. ஒரு வாரம் கழித்து உடைத்தோம். படாரென்ற சத்தத்தோடு மரம் நார் நாராகக் கிழிந்தது. மாமா அந்தத் துண்டை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நன்றாக இருக்கிறது என்றாள்.

47ஆம் எண்ணுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். மாமா, நான் சொல்கிறேன் எழுது என்றார். பள்ளிக்கூடத்தில் டிக்தே எழுதியதுபோல அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கொட்டகையில் மின்சாரம் இல்லை, வெப்பம் அளக்கப்படவில்லை, பசை கொட்டப்பட்டிருக்க வேண்டும், கொட்டப்படவில்லை. துண்டு பசையில் பிரிந்தது. நான்கு கட்டைகளும் அகற்றப்பட்டன, பார்க்க எண் 59. பிழைகளைத் திருத்தியது மட்டும்தான் நான். அடித்த வரி அப்படியே மேலே இருந்தது.

என் மூன்று மாத விசா முடிந்து ஊர் திரும்பினேன். மறுமுறை போனது 2014 மே மாதத்தில். அதற்குள் சிறகும் உடலும் பரிசோதனை முடிந்து துணி போர்த்தப்பட்டிருந்தன. பாலியெஸ்டர் துணியை ஒட்டிவிட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் அது சுருங்கி மத்தளத் தோல் போல விறைத்துக்கொள்ளும். அந்தத் தேய்ப்பு வேலை முழுக்க அக்காவுடையது. மாமாவின் பட்டாளச் சட்டைகளை வருடக்கணக்கில் தேய்த்த கை. "நீங்க தேச்சா பொசுக்கிடுவீங்க" என்று தானே பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாளாம். நிறுத்தச் சொன்னவள் அவள், நிறுத்தப் போனவன் நான். கடைசியில் பாருங்கள்.

விமானத்தை எடை போட்ட அன்று நான் இருந்தேன். மூன்று சக்கரங்களுக்கும் கீழே மூன்று தராசு. ஒவ்வொன்றும் காட்டும் எடையை, அது இருக்கும் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் பாரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும். அது குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை மூன்று தடவை போட்டேன்.

வருத்தமான விஷயம் ஒன்று நடந்தது. மாமா ஓட்டுநர் உரிமத்துக்காகப் பறக்கும் சங்கத்தில் பாடம் கற்றுக்கொண்டிருந்தார். அந்த வருடம் மருத்துவப் பரிசோதனையில் இதயத்தில் ஏதோ சிக்கல் என்று சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆறு வருடம் செய்த விமானத்தைத் தாமே ஓட்ட முடியாது. அக்கா ராத்திரி சாமி படத்துக்கு முன்னால் நின்றதைப் பார்த்தேன். நன்றி சொன்னாளா, அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

முதல் ஓட்டம் டிஜோனுக்குப் பக்கத்தில் தரோவா விமானக் களத்தில். சங்கத்தைச் சேர்ந்த அனுபவமுள்ள ஓர் இளைஞர் ஓட்டினார். அவர் ஏறுவதற்கு முன் கோப்பைக் கேட்டார். களத்து ஓரத்தில் நின்றபடி முழுவதும் படித்தார். எங்கள் இருவருக்கும் 47ஆம் எண் வரும்போது கண் தரையைப் பார்த்தது. அவர் அங்கே கொஞ்சம் நின்றார், 59க்குப் புரட்டினார், மூடினார். மாமாவோடு கை குலுக்கிவிட்டு ஏறினார்.

விமானம் புல்லில் ஓடி, வால் தூக்கி, எழும்பியது. எல்லோரும் விமானத்தைப் பார்த்தார்கள். நான் வலது சிறகின் பின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். கதவு மேலே போனது, கீழே வந்தது. இருபது நிமிடம் கழித்து இறங்கினார். மாமா ஒன்றுமே சொல்லவில்லை. என் தோளில் கையை வைத்துக்கொண்டிருந்தார், கை நடுங்கியது.

சோதனை ஓட்டங்கள் முடிந்து ஆள் ஏற்றலாம் என்றான பிறகு, அந்த இளைஞர் பக்கத்தில் மாமா உட்கார்ந்து பல தடவை பறந்தார். ஒரு தடவை அக்காவும். திராட்சைத் தோட்டமெல்லாம் மேலேயிருந்து பாய் விரித்ததுபோல இருந்தது என்று போனில் சொன்னாள்.

மாமா போன பிறகு விமானத்தை விற்க வேண்டியதாயிற்று. வாங்க வந்தவரும் ஓய்வு பெற்றவர்தான். கோப்பை வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக்கொண்டு வந்தாராம். அடித்த வரி உள்ள பக்கத்தைப் பார்த்த பிறகுதான் மற்ற பக்கங்களை நம்பினேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுத்தாராம். அக்கா இதைச் சொன்ன அன்று நான் கடற்கரைக்குப் போகவில்லை.

வாங்குகிறவருக்கு அந்தக் கோப்பு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. எனக்கு இன்னொரு கோப்பு பாக்கி இருக்கிறது. அது இப்போது எந்த அறையில் மக்கிக் கிடக்கிறதோ. அதனால் இங்கேயே திருத்தி, தேதி போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அலுவலகத்தில் தீயணைப்பு வாளிகள் மூன்று. பன்னிரண்டு என்று இருந்தால் அது நான் எழுதியது, எண்ணிப் பார்க்காமல் எழுதியது.